மிசௌரி ஆத்து மேட்டுல ரெண்டு மணி நேரம்: சேம்பர்லின் வழியா போறவங்களுக்கு

மவுண்ட் ரஷ்மோர் பாக்கணும்னு மினியாபொலிஸ்ல இருந்தோ சிகாகோல இருந்தோ கார்ல கிளம்புற நம்ம ஆளுங்க எல்லாரும் ஐ-90 ரோட்டுல சவுத் டகோட்டாவ குறுக்க கடந்துதான் போகணும். அந்த ரோடு எப்படின்னா மணிக்கணக்கா சோளம், சோயா, வானம், மறுபடி சோளம், பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் வாயப் பொளந்து தூங்கிட்டு இருப்பாங்க, ஓட்டுறவர் மட்டும் பழைய பாட்ட சத்தமா வச்சுக்கிட்டு கண்ணக் கசக்கிட்டு இருப்பார். அப்படிப் போயிட்டு இருக்கும்போது சேம்பர்லின்னு ஒரு சின்ன ஊர் கிட்ட தரை திடீர்னு கீழ இறங்கும். எதிர்ல அகலமா நீலமா தண்ணி, அதுக்கு அந்தாண்ட மரமே இல்லாத, போர்வைய உதறிப் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பா குன்று. அதான் மிசௌரி ஆறு.

நான் முதல் ரெண்டு தடவை "அட, சூப்பரா இருக்கே"ன்னு சொல்லிக்கிட்டே 80 மைல் வேகத்துல பாலத்தத் தாண்டிப் போயிட்டேன். மூணாவது தடவை பையன் பாத்ரூம் போயே ஆகணும்னு அடம் பிடிச்சான், ஊர்ல இருந்து வந்திருந்த அப்பாவும் கால நீட்டணும்னார், சரி அஞ்சு நிமிஷம்னு நிறுத்தினோம். கிளம்பும்போது ரெண்டரை மணி நேரம் ஆயிருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யார் போனாலும் இங்க இறங்குங்கன்னு சொல்லிட்டே இருக்கேன், ஒவ்வொருத்தருக்கா வாட்ஸப்ல டைப் பண்ணி கை வலிச்சதால மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்லயே சொல்லிடுறேன், இது யெல்லோஸ்டோன் மாதிரி பெரிய சமாச்சாரம் கிடையாது. ட்ரெக்கிங் இல்ல, டிக்கெட் இல்ல, பார்க்கிங் காசு இல்ல, பாக்கப் போனா ஹைவே ரெஸ்ட் ஏரியாதான். ஆனா ஆத்துக்கு மேல, செங்குத்தா எழும்புற மேட்டோட விளிம்புல கட்டியிருக்காங்க. 1804ல லூயிஸ், கிளார்க்னு ரெண்டு ராணுவ ஆபீசர்ங்க ஒரு கூட்டத்தக் கூட்டிக்கிட்டு இதே ஆத்துல எதிர்நீச்சல் போட்டு மேல போனாங்களே, அவங்க முகாம் போட்ட இடம் இந்த மேட்டுல இருந்து கண்ணுக்கு எட்டுற தூரம்.

எப்ப போறது

மே கடைசில இருந்து ஜூன் முடியிற வரைக்கும் குன்றெல்லாம் பச்சையா இருக்கும். ஜூலை பாதிக்கு மேல வெயில் காயும், புல்லு வைக்கோல் நிறத்துக்கு வந்துடும், சிலருக்கு அது பிடிக்காது, எனக்கென்னவோ அந்த நிறம்தான் பிடிக்குது. என்னைக் கேட்டா செப்டம்பர் நடுவுல போங்க. அந்தக் கூட்டம் இங்க வந்து சேந்ததும் செப்டம்பர் 16தான், வெயில் சாஞ்சு விழுற கோணம், புல்லோட நிறம், எல்லாம் அவங்க பாத்தது கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். ஆனா ஸ்கூல் இருக்கும், குழந்தைங்க வச்சிருக்கிறவங்களுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம், அப்ப ஜூன் போங்க.

பனிக்காலத்துல ஆசைப்படாதீங்க. பனிப்புயல் வந்தா ஐ-90யவே கேட் போட்டு மூடிடுவாங்க. ரெஸ்ட் ஏரியால இருக்கிற மியூசியமும் கோடை சீசன்லதான் திறந்திருக்கும், அதனால ஏப்ரல், அக்டோபர்ல போறவங்க முன்னாடியே நெட்ல ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. கோடைல இடி மழையும் ஆலங்கட்டியும் சொல்லாம கொள்ளாம வரும், மேற்கு வானம் கருநீலமாத் திரண்டா விளிம்புல நின்னு வீடியோ எடுத்துட்டு இருக்காம கார்க்குள்ள ஏறிடுங்க, அந்த மேட்டுல உங்களவிட உயரமா இருக்கிறது ரொம்பக் கம்மி.

ஒரு நாள்ல எந்த நேரம்னா, சாயங்காலம். நீங்க நிக்கிறது கிழக்குக் கரை, ஆறு உங்களுக்கு மேற்குல இருக்கு, சூரியன் அந்தப் பக்கக் குன்றுக்குப் பின்னாடிதான் இறங்கும். ஜூன்ல அஸ்தமனமே ஒன்பது மணிக்கு மேலதான், அதனால 6 மணி வாக்குல போய் சேர்ற மாதிரி பிளான் பண்ணினீங்கன்னா நிதானமா பாக்கலாம். மியூசியம் அதுக்குள்ள மூடிடுற நாளா இருந்தா அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் முன்னாடி.

வழி

சூ ஃபால்ஸ்ல இருந்து மேற்க ரெண்டு மணி நேரம், சுமார் 140 மைல். நடுவுல மிட்சல்ல சோளக்கதிர் ஒட்டி அலங்காரம் பண்ணின கார்ன் பேலஸ் வரும், பிள்ளைங்க கேட்டா அரை மணி நேரம் இறங்கலாம், கேக்கலன்னா விட்டுடலாம். ரெஸ்ட் ஏரியா 263, 265 ரெண்டு எக்ஸிட்டுக்கும் நடுவுல, போர்டு பெருசா இருக்கும், எந்தத் திசைல வந்தாலும் உள்ள போக வழி உண்டு. மேற்க போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆறு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்ச உடனே எல்லாரும் அதையே வேடிக்கை பாத்துட்டு போர்ட விட்டுடுவாங்க, அடுத்த நிமிஷம் பாலத்து மேல இருப்பீங்க. விட்டுட்டா பதறாதீங்க, அக்கரைல ஓகோமா எக்ஸிட்ல திரும்பி வந்துக்கலாம். ஸ்பீட் லிமிட் 80ன்னாலும் சாயங்காலம் மான் குறுக்க ஓடும், இருட்டினப்புறம் கொஞ்சம் அடக்கியே ஓட்டுங்க. ரோடு நிலவரம் பாக்க 511னு ஒரு சர்வீஸ் இருக்கு, போன்ல வச்சுக்கோங்க.

பெட்ரோல சேம்பர்லின்லயோ ஓகோமாலயோ நிரப்பிடுங்க, அதுக்கு மேற்க போகப் போக பங்க்குங்க தள்ளித் தள்ளித்தான் வரும்.

பையில என்ன

சைவம் சாப்பிடுறவங்க சாப்பாடு கட்டிட்டுப் போறது நல்லது, மாட்டிறைச்சியும் காட்டெருமை பர்கரும்தான் அந்த ஏரியாவோட பெருமை. பிக்னிக் டேபிள் இருக்கு. ஆனா காத்து! நாங்க பேப்பர் தட்டுல புளியோதரைய வச்சோம், ஒரு கை பிடிச்சுத் திரும்புறதுக்குள்ள தட்டு பறந்து பக்கத்து டேபிள்ல ஒரு தாத்தாவோட தொப்பில போய் ஒட்டிக்கிச்சு. அவர் சிரிச்சாரு, அது வேற விஷயம், நான் கூனிக் குறுகிட்டேன். டிபன் பாக்ஸ்லயே வச்சு சாப்பிடுங்க. கார் கதவ காத்தடிக்கிற பக்கமா திறக்கும்போது கையால பிடிச்சுக்கிட்டே திறங்க, இல்லன்னா பக்கத்து வண்டில போய் மோதும்.

தொப்பின்னா கயிறு கட்டுற தொப்பி. தண்ணி நிறைய. முக்கியமா ஒரு பைனாகுலர், சாதா பைனாகுலர் போதும், அது இல்லாம போனா பாதி விஷயம் கண்ணுல படாது. ஷூ போட்டுக்கோங்க, செருப்பு வேண்டாம், ஏன்னா அங்க ரேட்டில் ஸ்னேக்னு விஷப் பாம்பு உண்டு. பயப்பட ஒண்ணும் இல்ல, போட்டிருக்கிற பாதைல நடந்தா அது உங்களத் தேடி வராது, ஆனா செல்ஃபிக்காக புல்லுக்குள்ள இறங்குற வேலை வேண்டாம், பிள்ளைங்க கல்லப் புரட்ட விடாதீங்க. மழை பெஞ்ச அன்னைக்கு இன்னொரு காரணம்: அந்த மேடெல்லாம் ஷேல்னு சொல்ற களிமண் பாறை, நனைஞ்சா பசை மாதிரி ஆகி ஷூவுக்கு ரெண்டு கிலோ எடை கூடிடும், உள்ளூர்க்காரங்க கம்போன்னு சொல்லுவாங்க. வாடகைக் கார்ல அந்தச் சேத்தோட ஏறினீங்கன்னா அப்புறம் நீங்களே கழுவ வேண்டியதுதான்.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி

இத செய்யாம போகாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். லூயிஸ், கிளார்க் எழுதின டைரி முழுசும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் நெட்ல இலவசமா போட்டிருக்காங்க. மொத்தத்தையும் படிக்கச் சொல்லல, 1804 செப்டம்பர் 16, 17, 18 மூணே நாள் போதும், அரை மணி நேரம் ஆகாது. கிளார்க்கோட ஸ்பெல்லிங் பாத்து சிரிப்பு வரும், சூங்கிற பூர்வகுடி இனத்தோட பேர மட்டும் அந்த மனுஷன் இருபது விதத்துக்கு மேல எழுதியிருக்கார், ஸ்பெல்லிங் தப்பா எழுதி திட்டு வாங்குற பிள்ளைங்களுக்குக் காட்டினா ஆறுதலா இருக்கும்.

கதைய ரெண்டு வரில சொன்னா, 1803ல அமெரிக்கா பிரான்ஸ்கிட்ட இருந்து லூசியானான்னு சொல்லி கண்டத்தோட நடுப்பகுதிய ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்குச்சு. அங்க ஏற்கனவே குடியிருந்த ஜனங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வாங்கினது என்னன்னு பாத்துட்டு வர, மிசௌரி வழியா பசிபிக் கடலுக்கு தண்ணி வழி இருக்கான்னு தேட, ஜனாதிபதி ஜெஃபர்சன் இவங்கள அனுப்பினார். 1804 மே 14 கிளம்பி 1806 செப்டம்பர் 23 செயின்ட் லூயிஸ் திரும்பி வந்தாங்க. சேம்பர்லின் கிட்ட வந்து சேரவே நாலு மாசம். இன்னைக்கு செயின்ட் லூயிஸ்ல இருந்து கார்ல அது ஒரு நாள்.

இறங்கினதும் முதல்ல எங்க

எல்லாரும் செய்யிறது: பாத்ரூம், அப்புறம் நேரா அந்தப் பெரிய சிலைகிட்ட போய் போட்டோ, அப்புறம் கார். பத்து நிமிஷம். நீங்க தலைகீழா செய்யுங்க, சிலைய கடைசிக்கு வச்சுக்கோங்க.

முதல்ல கட்டடத்துக்குள்ள போங்க. அங்க அந்தக் கூட்டம் வந்த கீல்போட்ட, அதாவது நீளமான பெரிய சரக்குப் படக, அதே 55 அடி நீளத்துக்கு மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. பாதிப் படகு கட்டடத்துக்குள்ள, மீதிப் பாதி சுவரத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கும், அந்த வெளிப் பக்கம்தான் பால்கனி. நீங்க படகு மேலயே நடந்து வெளிய வந்து ஆத்தப் பாக்கலாம். யார் யோசிச்சாங்களோ, நல்ல மூளை.

அதுமேல நின்னுக்கிட்டு ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெரிய மரப்படகு, உள்ள டன் கணக்குல சாமான், மோட்டார் கிடையாது, ஆத்தோட ஓட்டத்துக்கு எதிர்த் திசை. காத்து சாதகமா இருந்தா பாய் விரிப்பாங்க, இல்லன்னா 22 துடுப்பு, அதுவும் முடியலன்னா நீளக் கழிய ஆத்தடில ஊனித் தள்ளுவாங்க, எதுவும் வேலைக்காகலன்னா கரைல இறங்கி கயிறு கட்டி இழுப்பாங்க, தேர் இழுக்கிற மாதிரி, ஆனா வடம் பிடிக்கிற இடம் சேறும் முள்ளும். ஒரு நாளைக்கு 15 மைல் போனா நல்ல நாள். அவங்கள்ல சார்ஜன்ட் ஃபிளாய்டுன்னு ஒருத்தர் ஆகஸ்ட் 20ம் தேதி இன்னைக்கு சூ சிட்டி இருக்கிற இடத்துல வயித்து நோவுல செத்துட்டார், மொத்தப் பயணத்துல செத்தது அவர் ஒருத்தர்தான். கிளார்க்கோட அடிமை யார்க்கும் இந்தக் கூட்டத்துல உண்டு, எல்லாரோட சேந்து எல்லா வேலையும் செஞ்சாரு, திரும்பி வந்தப்ப மத்தவங்களுக்கு சம்பளமும் நிலமும் கிடைச்சுது, அவருக்கு ஒண்ணும் கிடைக்கல.

ஆத்தப் பாக்குற விதம்

இப்ப கட்டடத்த விட்டு வெளிய வந்து விளிம்பு கிட்ட போங்க. ஒரு இருபது நிமிஷம் செல்போனப் பையில போட்டுடுங்க.

எங்கப்பா திருச்சிக்காரர், ஆத்துக் கரைலயே வளந்தவர். கம்பியப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தவர் திரும்பி, "ஏண்டா, இது எந்தப் பக்கம்டா ஓடுது?"ன்னாரு. எனக்கு சொல்லத் தெரியல. பைனாகுலர் வச்சுப் பாத்தும் தெரியல, ஏன்னா தண்ணி அசையவே இல்ல. அப்புறம் உள்ள போய் மேப்பப் பாத்தாதான் புரிஞ்சுது, இது ஆறு மாதிரி தெரியிற ஏரி. தெக்க ஃபோர்ட் ராண்டல்னு ஒரு அணை, 1946ல ஆரம்பிச்சு 1956ல முடிச்சாங்க, அதுல தேங்கின தண்ணி 107 மைல் நீளத்துக்கு நிக்குது, லேக் பிரான்சிஸ் கேஸ்னு பேர். நாம பாக்கிற இடம் அந்தத் தேக்கத்தோட மேல் பகுதி. அப்பாகிட்ட சொன்னேன், "ஓ, நம்ம மேட்டூர் மாதிரி"ன்னு சொல்லிட்டு அப்படியே தண்ணியப் பாத்துட்டே நின்னார்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, தண்ணிய மனசுக்குள்ள இறக்கிப் பாக்கிறது. அகலமான தேக்கம் இல்லாம, மணல் திட்டுக்கு நடுவுல பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுற கலங்கின ஆறு. சூ இனத்துல ஒரு பிரிவான லக்கோட்டா ஜனங்க மொழில இதுக்கு மினி சோசேன்னு பேர், கலங்கல் தண்ணின்னு அர்த்தம், இன்னைக்கு பாக்கிற நீலத்துக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டு பக்கமும் படுகைல காட்டன்வுட் மரம், முள்ளு, பிளம்ஸ் தோப்பு. எதிர்க்கரைல, இன்னைக்கு ஓகோமா இருக்கிற பக்கம்தான் அவங்க முகாம். பிளம்ஸ் பழுத்துத் தொங்கிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க, மழைல நனைஞ்ச சாமானயெல்லாம் பிரிச்சுக் காயப்போட்டு, பெரிய படகுல இருந்த பாரத்தக் கொஞ்சம் சின்னப் படகுக்கு மாத்தி, துணி துவைச்சு, தோல் பதப்படுத்தி, நம்ம பாஷைல சொன்னா ரெண்டு நாள் வீடு ஒதுங்க வச்சிருக்காங்க. அந்தப் பழைய படுகை இப்ப தண்ணிக்கு அடில.

பைனாகுலர இப்ப எதிர்ல இருக்கிற குன்று மேல வைங்க. 17ம் தேதி விடியிறதுக்கு முன்னாடி லூயிஸ் ஆறு வேட்டைக்காரங்களோட அந்தப் பக்கம் கிளம்பிப் போனார். ஒரே பார்வைல 3000 காட்டெருமை தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார், மிகைப்படுத்திச் சொல்லலன்னு அவரே சொல்லிக்கிறார். அன்னைக்கு அவருக்கு வேண்டியது எருமை இல்ல, ப்ரோங்ஹார்ன் மான், அதுலயும் பெண் மான். ஒரு மேட்டு மேல ஏழு நிக்கிறதப் பாத்துட்டு, காத்து அதுங்க பக்கம் அடிக்கிற திசைல மட்டும்தான் மறைவு இருந்ததால, வேற வழியில்லாம அந்தப் பக்கமாவே மறைஞ்சு மறைஞ்சு பதுங்கிப் போறார். கிட்டப் போறதுக்குள்ள அதுங்களுக்கு வாடை தெரிஞ்சுபோச்சு. மேட்டு உச்சிக்கு இவர் ஓடிப்போய்ப் பாத்தா, ரொம்ப தூரத்துல இன்னொரு குன்று மேல ஏழு புள்ளி. இவ்வளவு சீக்கிரம் அங்க போயிருக்க முடியாது, இது வேற கூட்டமா இருக்கும்னு முதல்ல நம்பவே இல்ல. அப்புறம் அது ஓடுறதப் பாத்துட்டு, நாலு கால் பிராணி ஓடுற மாதிரி இல்ல, பறவை பறக்கிற மாதிரி இருக்குன்னு எழுதி வச்சார். அந்த வரிய படிச்சுட்டு அந்தக் குன்றப் பாருங்க, ஒவ்வொரு மடிப்பும் எதுக்குன்னு புரியும், எது பள்ளம், எதுல பதுங்கலாம்னு கண்ணு தானா தேட ஆரம்பிச்சுடும். அந்த மான் இன்னைக்கும் உண்டு, இங்க இருந்து மேற்க போகும்போது ரோட்டோரப் புல்வெளில வெள்ளைப் பின்பக்கத்தோட நிக்கும், பையன எழுப்பிக் காட்டுங்க.

அந்த நாலஞ்சு நாளுக்குள்ளதான் அவங்க உலகத்துக்கே புதுசான பிராணிங்கள வரிசையா எழுதி வச்சாங்க: ம்யூல் மான், வெள்ளை வால் ஜாக்ராபிட், கருப்பு வெள்ளை மாக்பை பறவை, 18ம் தேதி கயோட்டிங்கிற சின்ன ஓநாய். மாக்பைய சுட்ட இடத்துல இருந்த ஓடைக்கு காக்கா இனத்தோட லத்தீன் பேரான கார்வஸ்னே பேர் வச்சுட்டாங்க. உலகத்துக்குப் புதுசுன்னா புத்தகத்துக்குப் புதுசு, அங்க இருந்தவங்களுக்கு அதெல்லாம் தினம் பாக்குறதுதான்.

இன்னும் ஒண்ணு கவனிங்க. நீங்க வந்த பக்கம் சமவெளி, சோளக்காடு. எதிர்ப்பக்கம் குன்று, மேய்ச்சல் நிலம், மாட்டுப் பண்ணை. நடுவுல ஆறு கத்தியால வெட்டின மாதிரி. காரணம் பனியுகம், கிழக்கப் பூரா பனிப்பாளம் தேச்சு சமமாக்கிட்டுப் போச்சு, அந்தப் பாளத்தோட ஓரம் முடிஞ்ச இடத்த ஒட்டித்தான் ஆறு வழி பண்ணிக்கிச்சு. உள்ளூர்க்காரங்க இன்னைக்கும் மாநிலத்த ஈஸ்ட் ரிவர், வெஸ்ட் ரிவர்னு ரெண்டாத்தான் பிரிச்சுப் பேசுவாங்க, அங்கங்க தொப்பி கூட வேற, ஈஸ்ட்ல விவசாயித் தொப்பி, வெஸ்ட்ல கௌபாய்த் தொப்பி.

சிலை

இப்ப சிலைக்கு வாங்க. 50 அடி உயரம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டிக்னிட்டின்னு பேர், 2016 செப்டம்பர்ல திறந்தாங்க. டேல் லாம்ஃபியர்ங்கிற சிற்பி செஞ்சது. ஒரு பூர்வகுடிப் பெண் ரெண்டு கையால பின்னாடி ஒரு போர்வைய விரிச்சுப் பிடிச்சிருப்பாங்க, அதுல நட்சத்திர வடிவத்துல 128 நீலக் கட்டம். கிட்டப் போய் நிமிந்து பாருங்க, காத்துல அந்தக் கட்டம் ஒவ்வொண்ணும் மெல்ல ஆடும், இருட்டினா உள்ள இருக்கிற லைட்டுல மின்னும். அந்த நட்சத்திரப் போர்வைய லக்கோட்டா, டகோட்டா ஜனங்க மரியாதை செய்ய வேண்டியவங்களுக்குப் போத்துவாங்க, நம்ம ஊர்ல பொன்னாடை போத்துற மாதிரின்னு அப்பாவுக்குச் சொன்னேன், டக்குனு பிடிச்சுக்கிட்டார்.

இங்க ஒரு தப்ப எல்லாரும் செய்வாங்க, "இதான் சகாகவியா"ன்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுப்பாங்க. இல்ல. சகாகவியாங்கிறது லூயிஸ், கிளார்க் கூடப் போன பூர்வகுடிப் பெண், அவங்க அந்தப் பயணத்துல சேந்ததே இங்க இருந்து ரொம்ப வடக்க, 1804 குளிர்காலத்துல, மான்டன்ங்கிற பூர்வகுடி ஜனங்களோட ஊர்ங்க கிட்ட. திரும்பி வரும்போதும் அங்கயே நின்னுட்டாங்க. படகு இந்த இடத்தத் தாண்டினப்ப அவங்க அதுல இல்ல. இந்தச் சிலைக்கு 14, 29, 55 வயசுல மூணு பூர்வகுடிப் பெண்கள் மாடலா நின்னாங்க, எந்த ஒரு ஆளோட உருவமும் இல்ல. மியூசியத்துக்குள்ள இருக்கிறது வந்தவங்க கதை, வெளிய நிக்கிறது ஏற்கனவே இங்க இருந்தவங்க சிலை, இத ரெண்டையும் சேத்துப் பாக்கத்தான் சிலைய கடைசிக்கு வைக்கச் சொன்னேன்.

நேரம் இருந்தா

ஒரு மணி நேரம் கூட இருந்தா ஊரோட வடக்குக் கோடில அக்தா லக்கோட்டா மியூசியம் இருக்கு, இலவசம், மணி வேலைப்பாடும் குதிரைச் சேணமும் பாக்கவே தனியா போகலாம்.

அரை நாள் இருந்தா ஆத்த ஒட்டி வடக்க போற நேட்டிவ் அமெரிக்கன் சீனிக் பைவேய பிடிங்க. அரை மணி நேரத்துல க்ரோ க்ரீக் ரிசர்வேஷன் (பூர்வகுடிகளுக்குன்னு ஒதுக்கின நிலம்), ஃபோர்ட் தாம்சன், பிக் பெண்ட் அணை. மினசோட்டால குடியிருக்கிற நம்மவங்களுக்கு இதுல ஒரு கூடுதல் காரணம் இருக்கு, டகோட்டா ஜனங்களுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1862 போருக்கு அப்புறம் மினசோட்டால இருந்து துரத்தின டகோட்டா ஜனங்களையும் ஹோ-சங்க் ஜனங்களையும் 1863ல கொண்டுவந்து இறக்கினது இந்த க்ரோ க்ரீக்லதான், பசியிலயும் நோயிலயும் நிறைய பேர் செத்தாங்க. அணை கட்டினப்ப அந்த ஜனங்களோட ஆத்தோர நல்ல நிலமும் தண்ணிக்குள்ள போச்சு, ஃபோர்ட் தாம்சன் ஊரையே இடம் மாத்தினாங்க. ரிசர்வேஷன் நிலம் அவங்க நிலம், போர்ட் இல்லாத மண் ரோட்டுல திரும்பாதீங்க, ஆளுங்கள கேக்காம போட்டோ எடுக்காதீங்க. போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

அதுக்கும் மேல ஆறு ஒரு பெரிய வளையம் போடும், அதான் பிக் பெண்ட். கழுத்து மாதிரி குறுகின இடத்துல நிலத்துல நடந்து கடந்தா 2000 கஜம், படகுல சுத்தி வந்தா 30 மைல்னு கிளார்க் கணக்கு எழுதியிருக்கார். செப்டம்பர் 20 ராத்திரி அவங்க ஒரு மணல் திட்டுல தூங்கிட்டு இருக்கும்போது திட்டே சரிய ஆரம்பிச்சுது. காவல்காரன் சத்தம் போட, நிலா வெளிச்சத்துல எல்லாரும் படகுல தாவி எதிர்க்கரைக்குத் தள்ளிப் போறதுக்குள்ள படுத்திருந்த இடம் ஆத்துக்குள்ள போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு, இன்னைக்கு ஃபோர்ட் பியர் இருக்கிற இடத்துல டீடன் சூ ஜனங்களோட முறைச்சுக்கிட்டு, அவங்க படகுக் கயிறப் பிடிக்க, இவங்க வாள உருவ, பீரங்கியத் திருப்ப, பிளாக் பஃபலோங்கிற தலைவர் நடுவுல வந்துதான் யாரும் சாகாம முடிஞ்சுது. அதப் பாக்கும்போது சேம்பர்லின் எதிர்ல பிளம்ஸ் தின்னுட்டு துணி காயப்போட்ட ரெண்டு நாள்தான் அவங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அணைத் தண்ணி வேண்டாம், ஓடுற மிசௌரியவே பாக்கணும்னு அப்பா மாதிரி கேக்கிறவங்க, சூ ஃபால்ஸ்ல இருந்து மேற்க வராம தெக்க ஐ-29ல ஒரு மணி நேரம் வெர்மில்லியன் போங்க. ஆத்தத் தாண்டி நெப்ராஸ்கா பக்கம் ஏறின உடனே மல்பெரி பெண்ட்னு ஒரு வியூ பாயிண்ட், அங்க கீழ மணல் திட்டும் சுழியும் வேரோட சாஞ்ச மரமும் எல்லாம் அப்படியே இருக்கு, எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேக்கவே வேண்டாம். வெர்மில்லியனுக்கு வடக்க ஸ்பிரிட் மவுண்ட்னு தனியா ஒரு சின்னக் குன்று, 18 அங்குல உயரப் பேய் மனுஷங்க குடியிருக்காங்கன்னு கேள்விப்பட்டு 1804 ஆகஸ்ட் 25 இவங்க வேலை மெனக்கெட்டு ஏறிப் பாத்தாங்க. வெயில் தாங்காம லூயிஸோட நாய் பாதிலயே திரும்பிடுச்சு. பிள்ளைங்க அரை மணி நேரத்துல ஏறிடுவாங்க, நிழல் ஒரு பொட்டு கிடையாது.

கிளம்பும்போது

மேற்க போறவங்க ராபிட் சிட்டில ரூம் போட்டிருந்தா இன்னும் 210 மைல், மூணு மணி நேரம். மர்டோங்கிற ஊர் தாண்டினதும் டைம் ஸோன் மாறி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகும், அதனால அஸ்தமனம் பாத்துட்டுக் கிளம்பினாலும் ஹோட்டல்ல அவ்வளவு லேட்டாத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அந்த நேரத்துல ஓட்ட முடியாதுன்னு தோணினா சேம்பர்லின்லயே தங்கிடுங்க, காலைல ஏழு மணிக்கு மறுபடி அந்த மேட்டுக்கு ஒரு காபியோட போனா, பின்னாடி இருந்து வெயில் விழுந்து எதிர்க்குன்று மடிப்பெல்லாம் ஒவ்வொண்ணா தெளிவாத் தெரியும். நாங்க ரெண்டாவது தடவை நிறுத்தினப்ப அப்படித்தான் செஞ்சோம், ஆள் நடமாட்டமே இல்ல, ட்ரக் டிரைவர் ஒருத்தர் மட்டும் நாயோட நடந்துட்டு இருந்தார். கார்ல ஏறும் முன்னாடி ஷூ அடிய ஒரு தடவை பாத்துக்கோங்க, பிள்ளைங்க கால்ல, காதுக்குப் பின்னாடி உண்ணி இருக்கான்னும் தடவிப் பாத்துடுங்க, ஜூன்ல புல்லு பக்கம் போனவங்கள அது விடாது.